சர்வர் இல்லாத சர்வரும் எங்க ஊரு கண்மாயும்

"சர்வர்லெஸ்னா சர்வரே இருக்காதாண்ணே?"ன்னு ஊர்லேர்ந்து தம்பி ஒருத்தன் போன்ல கேட்டான். எஞ்சினியரிங் முடிச்சிட்டு இன்டர்வியூவுக்குப் படிச்சிட்டு இருக்கான். சர்வர் இல்லாம எப்படிடா, எங்கயோ குளுகுளு அறையில ஓடிக்கிட்டுதான் இருக்கு, அதைக் கட்டி மேய்க்கிற வேலைதான் உனக்கு இல்லைன்னு சொல்லி வச்சேன். ஆனா ஒரு வரியில முடியற கதையா இது? அதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுற மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கங்க, மத்தவங்களுக்கும் புரியணும்ல :)

எங்க ஊரு வீரசோழன். (காவிரியில பிரியற வீரசோழன் ஆறு வேற, அந்தப் பக்கத்து ஆளுங்க சண்டைக்கு வராதீங்க.) திருச்சுழி, நரிக்குடி வட்டாரம், வானம் பாத்த பூமி. ஐப்பசி கார்த்திகையில நாலு மழை நல்லா விழுந்தா உண்டு, மத்தபடி கருவேலங்காடுதான். அதுக்காக இந்தச் சீமையில பெரியவங்க வெட்டி வச்சது கண்மாய். ஒண்ணு நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குத் தண்ணி போயிரும். மடையைத் திறந்து மூட ஊருக்குப் பொதுவா ஒரு நீர்பாய்ச்சி. அறுவடை முடிஞ்சதும் களத்துல அவருக்கு நெல் அளந்து விடுவாங்க. வயக்காரன் ஒவ்வொருத்தனும் ராத்திரி முழிச்சுக் கிடக்க வேணாம். இதை மனசுல வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் பக்கம் வாங்க.

டெலிபோன் மாதிரி கம்ப்யூட்டரும் ஒருநாள் பொதுச்சேவையா வரலாம்னு 1961-லயே ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில பேசிட்டார். நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல ஐ.பி.எம். 370 வந்துச்சு. ஓட்டை போட்ட அட்டைக்கட்டைக் குடுத்துட்டு வந்தா, உன் முறை வரும்போது ஓட்டி, பிரிண்ட் எடுத்து வைப்பாங்க. மிஷினைத் தொடவும் வேணாம், துடைக்கவும் வேணாம். கிட்டத்தட்ட இன்னிக்கு சர்வர்லெஸ்னு சொல்றது இதுதான். என்ன, அப்ப காத்திருக்கணும்.

நடுவுல சொந்த சர்வர் காலம் வந்துச்சு. அதோட பிரச்சினை புரியணும்னா பிளஸ் டூ ரிசல்ட் நாளை நினைச்சுக்கங்க. அருப்புக்கோட்டை பிரவுசிங் சென்டர்ல கூட்டம் தெருவரைக்கும் நிக்கும், ரிசல்ட் சைட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரே ஒரு காலைநேரத்துக் கூட்டம், மிச்ச நாள் பூரா ஈ ஓட்டணும். அந்த ஒருநாளுக்குன்னு சர்வர் வாங்கினா காசு தண்டம், வாங்கலைன்னா பிள்ளைங்க வயித்தெரிச்சல். எங்க ஊரு மழை மாதிரியேதான்.

2006-ல அமேசான் ஈ.சி.2-ன்னு ஒண்ணை விட்டுச்சு, மணிக்கு 10 சென்ட் வாடகை. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சும்மா கிடந்தாலும் மீட்டர் ஓடும். அதே வருஷம் லண்டன்ல ஃபோடாங்கோ கம்பெனி ஜிம்கின்னு கொண்டாந்தாங்க. நிரலை மட்டும் குடு, ஓடினதுக்கு மட்டும் காசுங்கிறது அவங்க கணக்கு. 2007-லயே மூடிட்டாங்க, பாவம். 2008-ல கூகுள் ஆப் எஞ்சின். 2014 நவம்பர்ல அமேசான் லாம்டா வந்ததும்தான் இது ஊரறிஞ்ச சங்கதி ஆச்சு.

லாம்டாவுல நீ எழுதுறது ஒரு சின்ன ஃபங்ஷன். படம் ஏறிச்சா, பணம் வந்துச்சா, எவனாவது பட்டனை அமுக்கினானா, உடனே அது முழிச்சு வேலையை முடிச்சுட்டுத் தூங்கிரும். அதோட பதில் இன்னொரு ஃபங்ஷனை எழுப்பும், மறுகால் பாயற மாதிரி. ஆயிரம் பேர் வந்தா ஆயிரம் பிரதி எழும்பும். யாருமே வரலைன்னா காசும் கிடையாது. முதல்ல 100 மில்லிசெகண்ட் கணக்குல பில் போட்டாங்க, 2020 டிசம்பர்ல அது 1 மில்லிசெகண்ட் ஆச்சு. மாசம் 10 லட்சம் அழைப்பு இலவசம். நம்ம பக்கத்துல ஒரு பையன் கைக்காசு இல்லாம ஒரு சேவையை ஆரம்பிக்கலாம்னா சும்மாவா?

தொல்லையும் இருக்கு. தூக்கத்துலேர்ந்து எழும்ப நேரமாகும், 15 நிமிஷத்துக்கு மேல ஓடாது. நாள் முழுக்க ஓடற வேலைக்கு இது கட்டுபடியாகாது. அமேசானோட பிரைம் வீடியோ ஆளுங்களே வீடியோ தரம் பாக்குற கருவி ஒண்ணை இதுலேர்ந்து எடுத்து சர்வருக்கு மாத்தினதுல செலவு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுதுன்னு 2023-ல எழுதினாங்க.

எனக்குள்ள பெரிய கவலை வேற. 1858-ல குடிமராமத்து வேலைக்கு வராதவங்களுக்குத் தண்டனைன்னு சென்னை மாகாணத்துல சட்டமே போட்டாங்க. அப்பவே பொதுக் கண்மாயை யார் பாக்குறதுங்கிற சண்டை இருந்திருக்கு. அப்புறம் கிணறும் மோட்டாரும் பெருகினதும் கண்மாய் அனாதை ஆச்சு. 2017-ல அதே பேருல அரசாங்கமே திட்டம் போட வேண்டியதாச்சு. கம்ப்யூட்டர்ல இது தலைகீழ். எல்லாரும் சொந்தக் கிணத்தை விட்டுட்டு ஒரே கண்மாய்க்குப் போறோம், ஆனா மடைச்சாவி ஊர்க்காரங்ககிட்ட இல்லை. 2025 அக்டோபர் 20 அன்னிக்கு அமெரிக்காவுல வர்ஜீனியா பக்கம் அமேசானோட ஒரு டேட்டாபேஸ் சேவைக்கு முகவரிப் பதிவு கோளாறாச்சு. லாம்டாவும் சேர்ந்து தடுமாறுச்சு, உலகம் பூரா ஆப்புங்க படுத்துருச்சு. லாம்டாவுக்குன்னு எழுதினதை அலுங்காம இன்னொரு கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போறதும் லேசு இல்லை.

நம்ம ஜோஹோவைப் பாருங்க. கேட்டலிஸ்ட்ங்கிற பேருல அவங்களும் சர்வர்லெஸ் விக்கிறாங்க. ஆனா தங்களோட சொந்த வேலைக்கு இன்னொருத்தர் கிளவுடை நம்பாம சொந்த டேட்டா சென்டர்தான் வச்சிருக்காங்க.

அந்தத் தூங்கி எழும்புற சமாச்சாரத்துக்காக 2018-ல அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் பத்தி தனியா எழுதணும். இப்ப ஆணி அதிகம், அடுத்த பதிவுல பாப்போம் மக்களே.