முதல் கோட்டை யார் போட்டது?

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "உன் துறை பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு சரித்திரக் கட்டுரை கொடப்பா" என்றார். என் துறை, படத்திலிருந்து உருவத்தைப் பிரித்தெடுப்பது. ஸ்கேன் படத்தில் இதயத்தின் சுவர் எங்கே, கட்டியின் விளிம்பு எங்கே என்று கம்ப்யூட்டரைக் கொண்டு கோடு போடுகிற வேலை. எழுத உட்கார்ந்தால், 2010இல் நம் கல்லூரி வைவாவில் நான் சொன்ன ஒரு பொய்யும் கூடவே வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் நாலு பேர் ஒரு பிராஜெக்ட் பேட்ச். அல்ட்ராசவுண்ட் படத்தில் இதயத்தின் இடது கீழறையைச் சுற்றிக் கோடு போட வேண்டும். எடுத்துக்கொண்ட முறைக்குப் பெயர் 'பாம்பு'. ஆமாம், உண்மையிலேயே அதுதான் பெயர்! ஹாஸ்டலில் எங்களை 'பாம்பாட்டி கோஷ்டி' என்றே கூப்பிட்டார்கள்.

இந்தப் பாம்பு பிறந்தது 1987இல். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில், எண்ணெய்க் கிணறு வேலைக்குப் பேர்போன ஸ்லம்பர்ஜே கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம். அங்கே இருந்த மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டெமெட்ரி டெர்சோபூலஸ் என்ற மூன்று பேர், லண்டனில் நடந்த முதல் சர்வதேச கணினிப் பார்வை மாநாட்டில் இதை வெளியிட்டார்கள். 1988இல் அது பத்திரிகைக் கட்டுரையாக வந்தது.

அதற்கு முன்னால் வழக்கம் என்னவென்றால், வெளிச்சம் சட்டென்று மாறுகிற புள்ளிகளையெல்லாம் முதலில் கண்டுபிடிப்பது, பிறகு அவற்றைக் கோத்துக் கோடாக்குவது. நல்ல படத்தில் சரி. அல்ட்ராசவுண்ட் போலப் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்த படத்தில் இங்கே நாலு துண்டு, அங்கே எட்டுத் துண்டு என்று கிடைக்கும். எதை எதோடு சேர்ப்பது? இவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். முதலிலேயே ஒரு முழுக் கோட்டைப் போட்டுவிடு, அது தானே நகர்ந்து விளிம்பில் போய் உட்காரட்டும் என்றார்கள்.

எப்படி நகரும்? அந்தக் கோட்டுக்கு ஓர் ஆற்றல் கணக்கு உண்டு. ரப்பர் பேண்ட் மாதிரி நீள மறுப்பது ஒன்று. மெல்லிய தகடு மாதிரி வளைய மறுப்பது இன்னொன்று. மூன்றாவது படத்தின் இழுப்பு: வெளிச்சம் மாறுகிற இடமெல்லாம் ஒரு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடு அதில் சரிந்து விழப் பார்க்கும். மூன்றும் சமாதானமாகிற இடத்தில் கோடு நிற்கும். அதுவரை நெளிந்து நெளிந்து போவதால் பாம்பு. கணக்கு, ஐந்து மூலைவிட்டங்கள் மட்டும் உள்ள ஒரு மேட்ரிக்ஸாக வந்து நிற்கும். மேத்ஸ் என்றால் ஓடிய எனக்கு அந்த மேட்ரிக்ஸ் மட்டும் பிடித்துப் போனது.

அந்தக் கட்டுரையிலேயே ஆளின் உதடுகளைப் பின்தொடரும் பாம்பும் உண்டு. முதல் படத்தில் ஒரு தடவை உதட்டின் மேல் வைத்துவிட்டால் போதும். ஒரு படத்தில் நின்ற இடம் அடுத்த படத்துக்குத் தொடக்கம். (ரப்பரும் தகடும் அவர்களுக்குக் கை வந்த கலை. சினிமாவுக்குத் துணியை கம்ப்யூட்டரில் அசைய வைத்ததற்காக மூவருமே பிற்பாடு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதில் பங்கு பெற்றார்கள்.)

இப்போது எங்கள் கதை. வைவாவில் காட்டிய ஏழு படங்களிலும் கோடு அச்சுப் போல இதயச் சுவரில் உட்கார்ந்தது. எக்ஸ்டர்னல் வயதான மனிதர், அதிகம் பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "முதல் கோட்டை யார் போட்டது தம்பி?" நான் யோசிக்கவே இல்லை. "ப்ரோக்ராமே போடும் சார்" என்றேன்.

பொய். ஒவ்வொரு படத்துக்கும் மவுஸால் நான்தான் போட்டேன், அதுவும் சுவருக்கு ஒட்டி, விடையைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் தள்ளிப் போட்டால் பாம்பு வழியில் கிடக்கிற ஏதாவதொரு வெள்ளைப் புள்ளியில் சிக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் பிடி கிடைக்காமல் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். அப்படிப் போன படங்களை நாங்கள் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. நல்ல மார்க் வந்தது. மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்காமல் டீ குடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலைக்குப் போய் சில வருஷம் கழித்துத்தான் மூலக் கட்டுரையை முழுசாகப் படித்தேன். (பிராஜெக்டுக்குப் படித்தது சீனியர் ரிப்போர்ட்டைத்தான், ஒளிப்பானேன்.) பார்த்தால், அந்த மூன்று பேரும் ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்: பாம்பு தானாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது, பக்கத்தில் கொண்டுபோய் வைக்க ஆளோ வேறொரு முறையோ வேண்டும் என்று. நான் மறைத்த குறை, அவர்கள் வெளிப்படையாக எழுதிய விஷயம்!

அதற்குப் பின் வந்த சரித்திரத்தில் பெரும் பகுதி, அந்த எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியதுதான் என்பது என் கட்சி. 1991இல் பிரான்சின் லோரான் கோயென், பாம்புக்குள் காற்றடித்துப் பலூனாக்கினார். உள்ளே எங்கேயாவது வைத்தால் ஊதிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும், வழியில் உள்ள சில்லறைப் புள்ளிகளைத் தாண்டிவிடும். 1997இல் ஷு, பிரின்ஸ் இருவரும் விளிம்பின் இழுப்பைத் தூரத்துக்கும் பரப்பி, தள்ளிப் போட்ட கோடும் வந்து சேரும்படி செய்தார்கள்.

பெரிய திருப்பம் வந்தது வேறு பக்கமிருந்து. தீ எப்படிப் பரவுகிறது போன்ற கேள்விகளுக்காக 1988இல் ஓஷர், சேத்தியன் என்ற இரண்டு கணித நிபுணர்கள் ஒரு வழி கண்டார்கள். கோட்டைக் கோடாகவே வைத்துக்கொள்ளாதே, ஒரு மேடுபள்ளமான பரப்பின் நீர்மட்டக் கரையாக வைத்துக்கொள் என்பது அது. நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு திட்டு, தண்ணீர் ஏற ஏற அது இரண்டு திட்டாகிறது. கரைக்கோடு பிரிய நாம் ஒன்றும் செய்யவில்லை. பாம்புக்கு இது முடியாது, அதை வெட்டி ஒட்டத் தனி ப்ரோக்ராம் வேண்டும். 1993இல் காசெயெஸ் குழுவினரும், 1995இல் மல்லாடி, சேத்தியன், வெமுரி மூவரும் இதைப் படத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் சுவரில் ஓட்டை தெரிந்தால் கோடு வெளியே கசிந்துவிடும். அல்ட்ராசவுண்டில் ஓட்டைக்கா பஞ்சம்?

2001இல் சான், வேஸே இருவரும் விளிம்பையே விட்டுவிட்டார்கள். உள்ளே சராசரி வெளிச்சம் எவ்வளவு, வெளியே எவ்வளவு, இரண்டும் நன்றாகப் பிரிகிற இடம் எது என்று மட்டும் பார்த்தார்கள். தொடக்கக் கோடு எங்கே இருந்தாலும் பல படங்களில் பரவாயில்லை என்றானது. எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை இதுதான்.

நகரும் பொருளைத் துரத்துவதில் ஆக்ஸ்ஃபோர்டின் ஐஸார்ட், பிளேக் 1996இல் செய்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே ஒரு கோட்டை நம்பினால் வேகமாக நகரும்போது பிடி நழுவும், பக்கத்துப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் நூற்றுக்கணக்கான ஊகங்களை ஒரே சமயத்தில் ஓட விட்டு, படத்தோடு ஒத்துப்போகிறவற்றுக்கு மதிப்புக் கூட்டினார்கள். இலைகள் நிறைந்த செடியில் காற்றில் ஆடும் ஒற்றை இலையை அப்படிப் பின்தொடர்ந்தார்கள்.

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கிலிருந்து யூ-நெட் வந்தது. டாக்டர்கள் கோடு போட்டுக் கொடுத்த படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் வலை அது. என் வேலையிலும் பாம்பு ஓரம் போய்விட்டது. 2023இல் மெட்டா வெளியிட்ட மாடல், 1 கோடியே 10 லட்சம் படங்களில் பயின்றது. பொருளின் மேல் ஒரு புள்ளி வைத்தால் உருவத்தையே பிரித்துத் தரும். புள்ளியை வைப்பது நாம்தான்.

போன வருஷம் பிராஜெக்ட் ரெவ்யூவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மாணவியின் வலை, சில படங்களில் இடது கீழறையை இரண்டு துண்டாகக் காட்டியது. அந்தப் படங்களை அவர் ஒளிக்கவில்லை, தனி ஸ்லைடாகவே போட்டிருந்தார். கோட்டின் நீளத்துக்கும் பயிற்சியில் ஒரு அபராதம் வைத்துப் பார்க்கச் சொன்னேன், 1987இன் ரப்பர் பேண்ட்தான். துண்டுகள் குறைந்தன, ஆனாலும் முழுசாகப் போகவில்லை என்று மெயில் போட்டார்.

அன்று மத்தியானம் டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் எங்கள் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 'தொடக்கக் கோடு தானாக அமைக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. லைப்ரரியனிடம் பென்சில் வாங்கி அதை அடித்துவிட்டு, 'கையால் போடப்பட்டது. சரிவராத படங்கள் சேர்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.