முகப்பருப் பூச்சும் சிறைக்கைதிகளின் முதுகும்

முகப்பருவுக்குப் பூசும் மருந்துகளில் முக்கியமானது ட்ரெட்டினோயின். விற்றமின் 'ஏ'யின் வழிவந்த இந்த அமிலம், மயிர்க்கால்களின் வாயை அடைக்கும் இறந்த கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றது. 1971இல் 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதன் பின்னால் ஒரு சிறைச்சாலை இருப்பதைப் பலர் அறியார்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோல்நோய் நிபுணர் அல்பேர்ட் கிளிக்மன், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை பரிசோதனைகளை நடத்தினார். கைதிகளிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் பிணைப்பணம் கட்ட வழியின்றி விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். முதுகைக் கொடுத்தால் சில டொலர்கள் கிடைத்தன. இதற்குப் பெயர் 'சம்மதம்'! பத்திரிகையாளனாகிய நான் இச்சொல்லை மேற்கோட்குறியின்றி எழுதத் துணியேன்.

கொடுமையின் உச்சம் வேறொன்று. 1960களின் நடுப்பகுதியில் டவ் கெமிக்கல் நிறுவனத்துக்காக டயொக்சின் என்ற நஞ்சு கைதிகளின் தோலில் பூசப்பட்டது. அது உண்டாக்கும் நோய் எது தெரியுமா? முகப்பருவை ஒத்த 'குளோரக்னி'. பருவுக்கு மருந்து தேடிய அதே மருத்துவர், பருவை வருவிக்கும் நஞ்சையும் பூசினார். அதுவும் நிறுவனம் வகுத்த அளவைவிடப் பன்மடங்கு.

1998இல் அலன் ஹோர்ன்ப்ளம் எழுதிய நூல் இவற்றை விரிவாக அம்பலப்படுத்தியது. 2000இல் ஏறத்தாழ 300 முன்னாள் கைதிகள் தொடுத்த வழக்கு, காலங்கடந்தது எனத் தள்ளுபடியானது. கிளிக்மன் 2010இல் காலமானார். 2021இல் பல்கலைக்கழக மருத்துவபீடமும் 2022இல் நகர நிர்வாகமும் மன்னிப்புக் கோரின. ரெட்டின்-ஏ மருந்தின் உரிமப் பணத்தில் கிளிக்மனுக்குப் பங்கு இருந்தது, கைதிகளுக்கு இருக்கவில்லை.