லெக்கோ: புகையில்லாத கரியின் கதை

நெய்வேலி என்றதும் பலருக்கும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொன்றும் வரக்கூடும்: கரிக்கடையில் நிறுத்து வாங்கிய லெக்கோ.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளிலிருந்து தொடங்குகிறது நெய்வேலியின் வரலாறு. 1956இல் நிறுவனம் உருவாயிற்று; 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். குவித்து வைத்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும் இயல்பும் உண்டு. வீட்டு அடுப்புக்கு ஆகாது. ஆகவே அதை உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப் படாமல் சூடேற்றிப் புகைதரும் பொருள்களை வெளியேற்றினார்கள். எஞ்சியதே லெக்கோ. விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் புகைக்கு ஒரு குணம் உண்டு. கண்ணைக் கரித்து, ஆளை எழுப்பிக் கதவைத் திறக்க வைத்துவிடும். லெக்கோவில் புகை போயிற்று. எந்தக் கரியும் காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு போகவில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், உறக்கத்திலேயே முடிவு.

இங்கிலாந்தின் சுரங்க விபத்துகளில் பலர் இறந்தது வெடிப்பினால் அல்ல, இந்த வாயுவினால்தான் என்று ஜே.எஸ். ஹால்டேன் 1896இல் எழுதினார். எச்சரிக்கைக்குச் சிறு உயிர்களைக் கொண்டுசெல்லும் வழக்கம் அதிலிருந்தே வந்தது. பிரிட்டனில் 1986 வரை சுரங்கங்களில் கூண்டுப் பறவைகள் இருந்தன. நெய்வேலிச் சுரங்கமோ திறந்தவெளிச் சுரங்கம், தலைக்கு மேலே வானம். மூடிய சுரங்கமாக மாறக்கூடியது, அந்தக் கரி போய்ச்சேர்ந்த வீட்டின் அறைதான்.

நம் வீட்டுப் பெண்கள் ஹால்டேனைப் படித்ததில்லை. குமுட்டி அடுப்பை முற்றத்தில் வைத்து, விசிறிக் கனலாக்கிய பிறகே உள்ளே கொண்டுவருவார்கள். அது பற்றவைக்கும்போது எழும் புகைக்காகச் செய்தது. கனன்ற கரியும் வாயுவை விடும். உண்மையில் காப்பாற்றியவை நாட்டு ஓட்டு இடுக்குகளும் திறந்த முற்றமும் என்றே நினைக்கிறேன். கான்கிரீட் கூரையும் இறுகச் சாத்தும் ஜன்னலும் வந்தபோது, நல்லவேளையாக, கூடவே எரிவாயு அடுப்பும் வந்தது.

லெக்கோ ஆலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கரி இப்போது உல்லாசப் பொருளாகத் திரும்பியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அணைக்காமல் விடுதி அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர் இருவர் காலையில் எழவில்லை.