கொக்கிளாய்க்கு வடக்கே எழுதப்படாத கடல்

முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தோருக்குப் பறவையே திசைகாட்டி. ஆலாக்கள் கூட்டமாகச் சுழன்று நீரில் பாயும் இடத்தில் சிறுமீன் கூட்டம் உண்டு. அதனைத் துரத்திவரும் சூரையும் உண்டு. ஓங்கில்கள் துள்ளும் இடத்தையும் அவர்கள் அவ்வாறே கணக்கிற் கொள்வர். தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்த அறிவு இது.

ஏட்டில் ஏறிய வரலாறு வேறு. திருகோணமலையிலும் பணியாற்றிய பிரித்தானியப் படையதிகாரி வின்சென்ட் லெக், இலங்கைப் பறவைகளைப் பற்றிய தமது பெருநூலை 1878 தொடக்கம் 1880 வரை வெளியிட்டார். 1938இல் சுண்டிக்குளமும் 1951இல் கொக்கிளாயும் பறவைச் சரணாலயங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. இவை இரண்டும் களப்புகள். அலைக்கு அப்பால் இருந்த ஆழ்கடல் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

1979இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, உலக வனஜீவராசிகள் நிதியத்தின் ஆதரவுடன் 'ரியூலிப்' என்னும் சிறிய பாய்மரப் படகு 1982 முதல் 1984 வரை இலங்கைக் கடலில் ஆய்வு நடத்தியது. திருகோணமலைக்கு அருகே கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே இறங்குவதால், ஆழ்கடல் விலங்குகள் அங்கே கரைக்கு மிக அண்மையில் வருகின்றன. ஆய்வாளர்கள் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எழுப்பும் 'டிக் டிக்' ஒலியைப் பின்தொடர்ந்தனர். நீலத் திமிங்கிலங்களையும் படம்பிடித்து, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். கொல்லாமலே திமிங்கிலத்தைப் படிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டிய பணிகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஆண்டுகள் எவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 1983 ஜூலையில் இனக்கலவரம் வெடித்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். திமிங்கிலங்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்ட அதே ஆண்டில், சற்று வடக்கே அந்தக் கடலை அறிந்த மனிதர்கள் கரையை விட்டுத் துரத்தப்பட்டனர். போர் விரிந்ததும் கிழக்குக் கடலில் நீண்ட ஆய்வுகளும் தடைப்பட்டன. பாதுகாப்பு வலயங்களும் மீன்பிடித் தடைகளும் வன்னி மீனவனை ஆழ்கடலிலிருந்து பிரித்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவை விழுங்கியது. 2009 மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் போர் முடிந்தது.

அதன்பின் திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாப் படகுகள் புறப்பட்டன. வன்னிக்கோ, முதலில் வர்த்தமானி அறிவித்தல்களே வந்தன. 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாயிற்று. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. பறவைக்கும் கடல்வாழ் உயிர்க்கும் காவல் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் பல்லாண்டு அகதியாய் அலைந்து மீண்டவன், தன் தொழிற்களத்தில் எல்லைக்கல்லைக் காணும்போது, அதனைப் பறவைக்கான காவலாகப் பார்ப்பானா, நிலம் பறிக்கும் மற்றொரு வழியாகப் பார்ப்பானா? அவனது ஐயத்திற்கு வரலாறு காரணம் தந்திருக்கிறது.

போருக்கு முன் ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் இன்று முதியவர்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், எங்கே திமிங்கிலம் மூச்செறியும் என்பதை அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். காவலுக்கான கோட்டை வரைவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை அது.