பூநகரிக் கோட்டை

பூநகரிக் கோட்டை, கிளிநொச்சி மாவட்டத்தின் வடமேற்கே, மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியோரம் உள்ள ஐரோப்பியர் காலச் சிறு கோட்டை. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது பெரியதொரு வளவின் மதிலாகவே படும்: சதுர வடிவம், பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீற்றர்.

கோட்டையை இங்கே கொண்டுவந்தது கடவைதான். வன்னியிலிருந்து குடாநாட்டுக்குள் நுழைய, கிழக்கே ஆனையிறவு. மேற்கே பூநகரிக் கரையிலிருந்து கடனீரேரியைத் தாண்டும் வழி. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அந்த உடைமையைக் காக்கவே இதைக் கட்டினர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. ஆனையிறவில் கோட்டை எழுப்பிய அவர்கள், 1770இல் பூநகரிக் காவலையும் விரிவாக்கினர். பிரித்தானியருக்கு இங்கே காவல் தேவைப்படவில்லை போலும். 1805இல் வாடிவீடு அமைத்தார்கள்.

கோட்டைக்குக் கொத்தளங்கள் இரண்டே, எதிரெதிர் மூலைகளில். சிக்கனமான ஏற்பாடு: ஒரு கொத்தளத்தில் நிற்பவர் தன் மூலையில் சேரும் இரு சுவர்களின் வெளிப்புறத்தையும் பார்க்கலாம், இரண்டு சேர்ந்தால் நாற்புறமும் அடங்கிவிடும். முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர்கள் பல இடங்களில் சிதைந்துள்ளன.

ஊர் கோட்டையைவிட மிகப் பழையது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் ஆய்வுகளில் பெருங்கற்காலப் பண்பாட்டு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் இப்பகுதியில் கிடைத்தன. மண்ணித்தலையில் இடிந்து நிற்கும் சிவாலயம் சோழர் காலக் கலைமரபைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. வெளியூர்க்காரருக்கோ பூநகரி என்றால் மொட்டைக்கறுப்பன் அரிசிதான் முதலில் நினைவுக்கு வரும்.

வன்னியின் இன்னொரு ஒல்லாந்தர் கோட்டை முல்லைத்தீவில் இருந்தது. வன்னித் தலைவன் பண்டார வன்னியன் 1803 ஓகஸ்டில் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றியது அதைத்தான். புகழ் அதற்கு, எஞ்சிய சுவர் பூநகரிக்கு.

உள்நாட்டுப் போரிலும் கடவையின் பெறுமதி குறையவில்லை. 1993 நவம்பரில் விடுதலைப் புலிகள் பூநகரிப் படைமுகாமையும் நாகதேவன்துறைக் கடற்படைத் தளத்தையும் தாக்கினர். 2008 நவம்பர் 15இல் பூநகரி இராணுவத்தின் வசமானது. அந்தக் கடவையில், சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே, முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கியது. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட 288 மீற்றர் சங்குப்பிட்டிப் பாலத்தின் பின், யாழ்ப்பாண வாகனங்கள் கோட்டையருகே நில்லாமல் கடந்து போகின்றன.