பெத்லகேமுக்குப் போன குறத்தி

தெருமுனையில் குறத்தி வருகிறாள். இடுப்பில் கூடை, கையில் கோல். காதலில் உருகி, சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ரேகை பார்க்கிறாள். ‘உன் மனசுக்குள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். கவலைப்படாதே, கண்டிப்பா வருவார்!’ என்று குறி சொல்கிறாள்.

இருநூறு வருஷத்துக்கு முன்பு, இந்தக் காட்சியை எந்தத் தமிழனிடம் சொன்னாலும், ‘அட, நம்ம குறவஞ்சி!’ என்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால், 1800 வாக்கில் தஞ்சாவூரில் பாடப்பட்ட ஒரு குறவஞ்சியில் மட்டும் அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது. காரணம், அதில் குறத்தி சொன்ன மாப்பிள்ளை குற்றாலத்துச் சிவன் இல்லை. திருவாரூர் தியாகராஜர் இல்லை. தஞ்சாவூர் மகாராஜாவும் இல்லை.

இயேசு கிறிஸ்து!

குறத்தியின் பெயர்? விசுவாசம்!

‘பெத்லகேம் குறவஞ்சி’ என்ற இந்த நூலை எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார். (‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. அவர் பிறந்தது 1826-ல். நம்ம ஆள் அவருக்கு ஐம்பது வருஷம் சீனியர்.)

சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அந்தப் பக்கம் வந்தார், தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ். ‘இந்தப் பிள்ளையை என்னோடு அனுப்புங்கள்’ என்று அப்பாவிடம் கேட்டு, தஞ்சைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே அதே ஷ்வார்ட்ஸின் நிழலில் இன்னொரு பையனும் வளர்ந்துகொண்டிருந்தான். அரண்மனைச் சண்டையில் உயிருக்கே ஆபத்து இருந்த இளவரசன் சரபோஜி! 1798-ல் ஷ்வார்ட்ஸ் காலமானார். அதே வருஷம் சரபோஜி ராஜா ஆனார். சாஸ்திரியார் தஞ்சை மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். ஒருவர் இந்து மன்னர், ஒருவர் கிறிஸ்தவக் கவிராயர். நட்பு மட்டும் கடைசிவரை அறுபடவில்லை.

சரி, குறவஞ்சிக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் குறவஞ்சி என்பது இன்றைய சினிமா மாதிரி. கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாயகன் உலா வருவான். நாயகி பார்ப்பாள். காதல் நோயில் விழுவாள். குறத்தி வந்து மலைவளம் பாடி, குறி சொல்லி, பரிசு வாங்கிப் போவாள். அவளைத் தேடிக்கொண்டு குறவன் வருவான். அவன் பெயர் சிங்கன். வலையும் கண்ணியும் வைத்துப் பறவை பிடிப்பவன். கடைசியில் இரண்டு பேரும் சந்திப்பார்கள். முதலிலிருந்து முடிவுவரை தெரிந்த கதை. இருந்தும் கூட்டம் அலைமோதும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி, சாஸ்திரியார் பிறந்த சீமையிலேயே உருவானது. தஞ்சாவூரிலோ சரபோஜியையே நாயகனாக வைத்து ஒரு குறவஞ்சி எழுதப்பட்டு, பெரிய கோயிலில் ஆடப்பட்டது.

சாஸ்திரியார் இந்தக் கதையில் ஒன்றையும் மாற்றவில்லை. ஆட்களை மட்டும் மாற்றினார். உலா வருபவர் பெத்லகேம் நாதர். காதலில் விழுகிறவள் தேவமோகினி, சீயோன் மகள். அதாவது, திருச்சபை. குறி சொல்ல வருகிறவள் விசுவாசம். பறவை பிடிக்க வருகிறவர்கள் சபையின் ஊழியர்கள். அவர்கள் விரிக்கும் வலை சுவிசேஷம். சிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள்!

யோசித்துப் பாருங்கள். கலிலேயாக் கடலோரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, ‘இனி மனிதர்களைப் பிடிக்கலாம், வாருங்கள்’ என்று இயேசு அழைத்ததாக பைபிள் சொல்கிறது. கேட்டவர்கள் மீனவர்கள் என்பதால் அவர் மீன்வலையை எடுத்தார். சாஸ்திரியார் முன்னால் உட்கார்ந்திருந்தது குறவஞ்சி ரசிகர்கள். அதனால் அவர் பறவை வலையை எடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இயேசுவின் உவமைகளை வரிசையாகப் பாருங்கள். விதைக்கிறவன், புளித்த மாவு பிசைகிறவள், தொலைந்துபோன ஆடு, காணாமல்போன ஒரு காசுக்காக விளக்கேற்றி வீடு முழுக்கப் பெருக்கும் பெண். எல்லாமே வீட்டிலும் வயலிலும் நடப்பது. ‘கடவுளைப் பற்றிப் பேச வேண்டுமா? உன் அடுப்படியிலிருந்து ஆரம்பி’ என்பதுதான் அந்த முறை. சாஸ்திரியார் அதைத் தஞ்சாவூர் அடுப்படிக்குக் கொண்டுவந்தார்.

அதோடு நின்றாரா? இல்லை. நோவா கப்பல் கட்டிய கதையை ‘ஞானத்தச்ச நாடகம்’ ஆக்கினார். பெண்கள் சுற்றிச் சுற்றிக் கை தட்டிப் பாடும் கும்மியில் ‘சாஸ்திரக்கும்மி’ எழுதினார். அது என்ன சாஸ்திரம்? கிறிஸ்தவரான பிறகும் சகுனம், நல்ல நேரம், குறி என்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களைச் செமத்தியாக வாரும் கும்மி அது! வேடிக்கையைப் பாருங்கள்... குறி சொல்லும் குறத்தியைப் பாட்டுக்கு நாயகியாக்கிய அதே மனிதர், குறி கேட்கப் போகிறவர்களைக் கும்மியில் கிண்டலடிக்கிறார். ராகத்தை எடுத்துக்கொண்டார். நம்பிக்கையைத் தள்ளிவிட்டார். எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு நிறுத்துவது என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

இன்னொரு ஆச்சரியம். பெத்லகேம் குறவஞ்சியில் கடவுளின் படைப்பைப் புகழும்போது, சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும் கோப்பர்நிக்கஸ் வானியலும் வந்துவிடுகிறது! பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடத்தை வாத்தியார் பாட்டிலும் வைத்துவிட்டார்.

சரபோஜி தம் இஷ்டதெய்வத்தின் மீது ஒரு பாட்டுப் பாடச் சொன்னதாகவும், சாஸ்திரியார் மறுத்து, ‘மனமே, நீ இயேசுவைத் துதி’ என்ற பொருளில் பாடியதாகவும் சபைகளில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ராஜாவுக்குக் கோபம் வரவில்லை என்பது மட்டும் பின்னால் நடந்ததிலிருந்து தெரிகிறது.

கோபம் வந்தது வேறு இடத்திலிருந்து.

1820-களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். இளைஞர்கள், கண்டிப்பானவர்கள். ஷ்வார்ட்ஸ் காலத்துத் தஞ்சாவூர் சபையைப் பார்த்து அவர்களுக்குத் தலை சுற்றியது. கல்யாணத்தில் மாலை, சாவில் மாலை, பண்டிகைக்குப் பூ! ஆராதனைக்குப் பிறகு தமிழ் ராகத்தில் கீர்த்தனை! ‘இதெல்லாம் அஞ்ஞானிகள் பழக்கம்’ என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். பழகிப்போன பப்ரீஷியஸ் தமிழ் பைபிளையும் திருத்தினார்கள். இவற்றோடு நான்காவதாக ஒன்று: சர்ச்சில் எல்லா சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும்.

சாஸ்திரியார் கொதித்துப்போனார். பாட்டாக, உரைநடையாக, மனுவாக எழுதித் தள்ளினார். புதியவர்கள் செய்த கொடுமைகள் நான்கு என்று பட்டியல் போட்டார். பைபிளை மாற்றியது, பூவைத் தடுத்தது, பாட்டை நிறுத்தியது, சாதிகளை ஒன்றாகக் கலந்தது!

இங்கேதான் இன்று படிக்கும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. முதல் மூன்றுக்கும் ‘சபாஷ், சரியான கேள்வி’ என்று கை தட்ட வந்த கை, நான்காவதில் அப்படியே நின்றுவிடுகிறது.

அன்றைய தஞ்சாவூர் சபையின் நிலைமை இது: வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம். பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். நற்கருணைக் கிண்ணம் முதலில் இவர்களுக்கு, பிறகுதான் அவர்களுக்கு. ஷ்வார்ட்ஸ் இதைப் பொறுத்துக்கொண்டார், காலப்போக்கில் மாறிவிடும் என்று. சாஸ்திரியார் வேளாளர். சாதி என்பது சமயம் இல்லை, வெறும் உலக வழக்கம் என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் மட்டும் பெரிய மனிதர், சின்ன மனிதர் வித்தியாசம் இல்லையா என்றும் கேட்டார்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சர்ச்சுகளில் காசுள்ளவர்கள் வாடகை கட்டி நல்ல இருக்கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஏழைகள் மிச்சமிருக்கும் இடத்தில்தான். ஆனால், அவன் வீட்டிலும் அழுக்கு இருக்கிறது என்பதால் நம் வீட்டு அழுக்கு சந்தனம் ஆகிவிடாது.

முடிவு? 1829 வாக்கில் சாஸ்திரியாரின் வேலை போயிற்று. கைகொடுத்தவர் யார் தெரியுமா? பழைய நண்பர் சரபோஜிதான். மாதச் சம்பளம் கொடுத்துத் தன் ஆதரவில் வைத்துக்கொண்டார். ஆனால், 1832-ல் அவரும் போய்விட்டார். அடுத்த வருஷமே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

பாட்டு விஷயத்தில் ஜெயித்தது சாஸ்திரியார்தான். அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே! மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், ஆங்கில மெட்டுகளில் தமிழைத் திணித்துப் பாடுவது எடுபடவில்லை என்பதைப் புரிந்துகொண்டார். 1853-ல் அவர் வெளியிட்ட கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகத்தில் சாஸ்திரியாரின் பாடல்களும் இடம்பெற்றன. 1864-ல், தொண்ணூறை நெருங்கும் வயதில் சாஸ்திரியார் காலமானார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ச் சர்ச்சுகளில் அவர் பாட்டு கேட்கிறது. பண்டிகைக்குப் பூவும் உண்டு, கல்யாணத்துக்கு மாலையும் உண்டு. யாரும் அதை அஞ்ஞானம் என்று சொல்வதில்லை.

நான்காவது விஷயம்?

சட்டத்திலும் போதனையிலும் அதற்கு இடமில்லை. ஆனால், 2008 மார்ச்சில் எறையூரை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். தலித் கிறிஸ்தவர்கள் பாகுபாடு தாங்காமல் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 2 பேர் செத்துப்போனார்கள். சாஸ்திரியார் காலமாகி 144 வருஷம் கழித்து!

அன்றாட வாழ்க்கையில் கடவுளைப் பார்ப்பது நல்ல விஷயம். குறத்தியின் கோலிலும் தச்சனின் உளியிலும் கும்மி தட்டும் கையிலும் அதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். சாஸ்திரியாருக்கு அந்தக் கண் இருந்தது. அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அன்றாட வாழ்க்கை என்று கதவைத் திறந்தால், பூவும் பாட்டும் மட்டுமா உள்ளே வரும்? நாம் பழகிப்போன அநியாயமும் சேர்ந்துதான் வரும். அதுவும் ‘நான் வழக்கம்தானே’ என்று அதே சாதுவான முகத்தோடு வரும். மிஷனரிகள் அநியாயத்தை அடையாளம் கண்டார்கள், பாட்டை அடையாளம் காணத் தெரியவில்லை. சாஸ்திரியாருக்குப் பாட்டு தெரிந்தது, அநியாயம் தெரியவில்லை. சகுனத்தைச் சலித்து எடுத்த அதே சல்லடையில் சாதி மட்டும் எப்படியோ நழுவிவிட்டது.

இத்தனைக்கும் பதில் அவர் கையிலேயே இருந்தது. பெத்லகேம் குறவஞ்சியை இன்னொரு முறை பாருங்கள். தேவமோகினி உயர்ந்த இடத்துப் பெண். வருகிறவளோ, ஊர் ஊராகச் சுற்றும், வீடு வாசல் இல்லாத குறத்தி. யாரும் அவளை வாசலில் நிறுத்தவில்லை. ‘நீ என்ன சாதி, தள்ளி உட்கார்’ என்று சொல்லவில்லை. உயர்குலத்துப் பெண் கையை நீட்டுகிறாள். குறத்தி அதைத் தொட்டுப் பார்த்து நல்ல சேதி சொல்கிறாள்.

விசுவாசம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் சாஸ்திரியார்தான்!