தரமணியும் தாம்பரமும்: சென்னையின் திரைக்கல்விக்கு இரு வேர்கள்

தமிழ்நாட்டில் திரைப்படம் ஒரு பாடமாக முதலில் இடம்பெற்றது கலைக் கல்லூரியில் அன்று, தொழிற்கல்விக் கூடத்திலேயே. 1945ஆம் ஆண்டு சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கப்படத் தொடங்கின. அந்தப் பிரிவே பின்னர் தனி நிறுவனமாகி, பெயர்கள் பலமுறை மாறி, இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கித் தரமணியில் இயங்குகிறது. திரைத்துறையினர் பேச்சில் அது 'அடையாறு இன்ஸ்டிடியூட்'. புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி எழுந்தது 1960இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், சென்னை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

அதற்கு முன்பு இக்கலை குரு-சீட முறையிலேயே கைமாறி வந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டவர். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து பேசும்படக் காலம் பிறந்தபின், ஒலியைப் பதிவதும் படச்சுருளைப் பதனிடுவதும், அதாவது ஒளிபட்ட சுருளை வேதிக்கரைசல்களில் நனைத்து உருவங்களை வெளிக்கொணர்வதும், தேர்ந்த கைகளை வேண்டி நின்றன. ஸ்டுடியோக்கள் பெருகப் பெருக, ஆசான் ஒருவரின் நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கற்பது மட்டும் போதாமலாயிற்று. பாலிடெக்னிக் பாடம் இத்தேவைக்குக் கிடைத்த விடையாகும்.

ஆகவே அங்கே கற்பிக்கப்பட்டது முதலில் நுட்பமே; கதை அன்று. ஆயினும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்த படச்சுருளின் விலை காரணமாக, ஒவ்வோர் அடியையும் எண்ணிச் செலவிட வேண்டிய மாணவர், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று படமெடுக்கும் முன்னரே முடிவுசெய்யப் பழகினார். அந்தக் கட்டுப்பாடே கதைசொல்லலின் முதல் பாடமாக அமைந்தது. இயக்கம், திரைக்கதை முதலிய பிரிவுகள் வந்து சேர்ந்தபின் அதன் பயன் திரையில் தெரியலாயிற்று. நிறுவனத்தில் பயின்ற ருத்ரய்யா 1978இல் இயக்கிய 'அவள் அப்படித்தான்', அங்கேயே பயின்ற நல்லுசாமி, ஞானசேகரன் ஆகியோரின் ஒளிப்பதிவில், வண்ணம் பரவிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்து, ஒரு பெண்ணின் மனத்தை அலங்காரமின்றி முன்வைத்தது. 1986இல் ஆபாவாணனும் அரவிந்தராஜும் உருவாக்கிய 'ஊமை விழிகள்', வழக்கத்தைவிட அகன்ற சட்டகமாகிய சினிமாஸ்கோப்பில் வெளிவந்து வெற்றிபெற்றதால், திரைப்படக் கல்லூரி மாணவர்கள் பெருந்திரளான பார்வையாளரையும் ஈர்க்க வல்லவர்கள் என்பது உறுதியாயிற்று. மறுஆண்டு வெளிவந்த 'நாயகன்' படத்துக்காக அதே நிறுவனத்தின் பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார்.

இரண்டாவது வேர் தெற்கே தாம்பரத்தில் இருக்கிறது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1937இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வரலாறு பயின்ற சு. தியடோர் பாஸ்கரன், நாடகமேடைப் பாடல்களும் தொடக்ககாலத் திரைப்படங்களும் விடுதலை இயக்கத்தின் கருத்துகளை மக்களிடம் கொண்டுசென்ற விதத்தை ஆராய்ந்து 1981இல் நூலாக வெளியிட்டார். அறிஞர்கள் பலர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவைத்திருந்த தமிழ்ப் படம், அதன்வழி வரலாற்றுச் சான்று என்னும் தகுதியைப் பெற்றது.

இவ்வகை ஆய்வுக்கு வேண்டிய மூலங்கள் சில, திரைப்பட நிறுவனத்துக்கு அருகிலேயே, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேணப்படுகின்றன. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் திரட்டிய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவான அந்நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. திரையரங்குகளில் சில அணாக்களுக்கு விற்கப்பட்ட அம்மெல்லிய தாள்கட்டுகள், நடிகர் பட்டியலையும் பாடல் வரிகளையும் தந்து, கதைச்சுருக்கத்தை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டன. படச்சுருளே அழிந்துபோன பல தொடக்ககாலப் படங்களுக்கு எஞ்சியிருக்கும் ஆதாரம் இவைபோன்ற தாள்களே.

இன்று கிறித்தவக் கல்லூரியிலும், பல்லாவரம், பொத்தேரி ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்களிலும் காட்சித் தொடர்பியல், அதாவது படம், ஒலி, எழுத்து ஆகியவற்றின் வழியே கருத்தைப் புலப்படுத்தும் கலை, பட்டப்படிப்பாக உள்ளது. படச்சுருளின் விலை தடையாயிருந்த காலம் போய், கைப்பேசியிலேயே படமெடுக்க இயலும் இக்காலத்தில், கருவியை இயக்கப் பழகுவது எளிதாகிவிட்டது. எதைச் சொல்வது, யாருக்காகச் சொல்வது, முன்னோர் அதை எவ்வாறு சொன்னார்கள் என்ற வினாக்களே கடினமாக நிற்கின்றன. அவற்றுக்கு விடைதேட, தரமணி தந்த கைத்திறனும் தாம்பரம் தந்த வரலாற்றுணர்வும் ஒரே வகுப்பறையில் சேர வேண்டும். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதும் ஒளியளவைக் கணிப்பதும் ஒரே பாடத்திட்டத்தின் கூறுகளாக அமையும்போதுதான், எண்பது ஆண்டுகளாகத் தென்சென்னை வளர்த்த இக்கல்வி முழுமை பெறும்.